திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த 600 கியாட்

முதல் பதிவு: தாமுவே, ரங்கூன்

கர்த்தருக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாவத்தை அறிக்கையிட்ட பின்னும் மனம் ஆறாமல் தவித்த நாட்களைப் பற்றி அவரவர் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்தபடியால், இருபத்தைந்து ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எழுதுகிறேன்.

1987-இல் எனக்கு 21 வயது. ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஒரு விதவைத் தாயார் இருந்தார். காலையில் இட்லியும் மாலையில் அவித்த கடலையும் விற்று, மகளைத் தையல் படிக்க வைப்பதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 600 கியாட்டை (கியாட் என்பது பர்மிய நாணயம்), வீட்டுப் பூட்டுச் சரியில்லை என்று சொல்லி என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். அத்தனையும் வியாபாரத்தில் கைமாறி வந்த 5, 10 கியாட் தாள்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 5, சனிக்கிழமை, 25, 35, 75 கியாட் தாள்கள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. 1985-இல் 50, 100 கியாட் தாள்களை ஒழித்தபோது ஓரளவாவது மாற்றிக்கொள்ள இடம் கொடுத்தார்கள். இம்முறை அதுவும் இல்லை. மறுநாள் ஆராதனையில் பாடுவதற்குக்கூட ஒருவருக்கும் குரல் எழவில்லை. ஆராதனை முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்து கேட்டபோது, “பெரியம்மா, பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் 75 கியாட் தாளாக மாற்றி வைத்தேன், போய்விட்டது” என்றேன். நாடே இழந்து நின்ற நாளில் என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணம் இல்லை. செல்லத்தக்க அந்தத் தாள்கள் என் பெட்டியில் இருந்தன. இரண்டு மாதத்தில் அவை கரைந்தன. எதற்குச் செலவழித்தேன் என்பது இன்று நினைவில்கூட இல்லை.

“நான் அடக்கிவைத்தமட்டும்” என் எலும்புகள் உலர்ந்தன என்று 32-ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வது வெறும் உவமை அல்ல என்பதை அதன்பின் அறிந்தேன். ஞாயிறுதோறும் முழங்கால்படியிட்டு மன்னிப்புக் கேட்டேன்; எழுந்தவுடன், மூன்று பெஞ்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அவருடைய நரைத்த தலை கண்ணில் படும். சம்பளம் உயர்ந்தபோது தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு, மேல் கொடுத்தேன். சபைக்கு மின்விசிறி வாங்கித் தந்தேன். பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பத்தினர் அதிகாலையில் துறவிகளுக்குச் சோறு இடுவதைக் குதோ என்று, அதாவது புண்ணியம் என்று சொல்வார்கள். அவர்கள் அதை மனதார, மகிழ்ச்சியோடு செய்தார்கள். நானோ கிருபையினாலே இரட்சிப்பு என்று பாடிக்கொண்டே, என் கடனை வேறொரு கணக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

2012-இல் எங்கள் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. வேதத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுத்த இருவரைப் பற்றிப் பேசினார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்தான். ஆனால் யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் போகவில்லை, நான்றுகொண்டு செத்தான். வரி வசூலிப்பவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். ஆனால் இயேசு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவன் வீட்டுக்கு வந்தது அதற்கு முன்பே. “நீ இவ்வளவு நாள் யூதாஸ் நின்ற இடத்தில் நின்று சகேயுவின் சமாதானத்தைத் தேடினாய்” என்றார். அன்று இரவு நான் அழுதது முதல்முறையாகப் பயத்தினால் அல்ல.

இனி எவ்வளவு கொடுப்பது என்பதே கேள்வி. அந்த 600 கியாட்டில் 2012-இல் இரண்டு கோப்பைத் தேநீர்தான் குடிக்கலாம். தொகையை அப்படியே நீட்டுவது இரண்டாவது திருட்டாகிவிடும் என்று என் மனைவி சொன்னாள். லேவியராகமம் ஆறாம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது; ஆகையால் ஒரு தையல் இயந்திரத்தின் விலையை முதலாக வைத்து, அதன்மேல் ஐந்திலொரு பங்கு சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த வருஷம்தான் தம்பி, என் மகளை நான் வீட்டு வேலைக்கு அனுப்பினேன். பணத்தை அவளிடம் கொண்டுபோய்க் கொடு” என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அவருடைய மகள் பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தாயார் காலமானார். அதுவரை திருவிருந்தில் அதே மூன்று பெஞ்சுகள் எங்களுக்கு இடையில் இருந்தன.

தேவன் என்னை மன்னித்தார் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குத் தையல் பள்ளியில் கிடைத்திருக்க வேண்டிய ஆண்டுகளை அந்த மன்னிப்பு திருப்பித் தந்துவிடவில்லை. இவ்விரண்டையும் ஒன்றையொன்று அழிக்காமல் மனதில் வைத்திருக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: மோல்மேனிலிருந்து ஒரு சகோதரி

அண்ணன் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். என் பாரம் வேறு வகையானது. 2021 ஜூலையில் பெருந்தொற்று பரவியபோது என் அம்மா ரங்கூனில் மூச்சுத் திணறி இறந்தார். நான் இங்கே இருந்தேன், போக வழியில்லை. யாரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமலே ஒவ்வொரு நாளும் அதைப் பாவமாக அறிக்கையிட்டு வந்தேன்.

எங்கள் மோல்மேனுக்குத் தெற்கே, அன்று ஆம்ஹெர்ஸ்ட் என்று அழைக்கப்பட்ட கியாய்க்கமியில், பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனின் மனைவி ஆன் 1826 அக்டோபர் 24 அன்று இறந்தார். ஜட்சன் அப்போது ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு, அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் இருந்தார். செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்கு எட்டியது. ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போனாள். பின்பு அவர் காட்டில் குடிசை கட்டிக்கொண்டு தனித்திருந்தார். தன் கல்லறையைத் தானே வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். தன் பெருமையையும் புகழாசையையும் சாகடிக்க அவர் செய்த கடுந்தவம் எதுவும் அவருக்குச் சமாதானம் தந்ததாகத் தெரியவில்லை. மெல்லமெல்ல வெளியே வந்து, 1834 ஜனவரியில் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார்.

அவ்வளவு பெரிய ஊழியக்காரரே துக்கத்தையும் குற்றத்தையும் பிரித்தறிய முடியாமல் தவித்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாயிற்று. அம்மாவுக்காக இப்போதும் அழுகிறேன். அதற்காக மன்னிப்புக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். இது சரிதானா என்று அண்ணன் சொல்ல வேண்டும்.

மறுமொழி: தாமுவே, ரங்கூன்

சரிதான், தங்கச்சி. எனக்கு ஒரு தாயாருடைய வாசற்படி இருந்தது. நான் அங்கே போயே ஆகவேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு கடன் இல்லை. அம்மாவைப் பற்றி முடிந்தபோது எழுதுங்கள்; அவர் எந்தச் சபையில் இருந்தார், என்ன பாட்டு விரும்பிப் பாடுவார் என்று அறிய விரும்புகிறேன்.