அகலமான அட்டவணையில் வலப்புறம் இன்னும் இருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவது?

கேள்வி

வணக்கம். உதிரிபாகக் கடை ஒன்றின் விலைப்பட்டியலை ஏழு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையாக வலைப்பக்கத்தில் இட்டிருக்கிறேன். அட்டவணையைச் சுற்றியுள்ள டிவ் என்ற பெட்டிக்கு, தேவைப்பட்டால் பக்கவாட்டில் உருட்டவிடும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ என்ற விதியைக் கொடுத்திருப்பதால் கைபேசியில் பக்கம் சிதையவில்லை. ஆனால் 360 பிக்சல் அகலத் திரையில் மூன்றாம் நெடுவரிசையின் கோட்டோடு அட்டவணை வெட்டுப்படுவதால், அங்கேயே முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. விலை ஐந்தாம் நெடுவரிசையில் இருக்க, வாடிக்கையாளர்கள் கடைக்கு அழைத்து விலை கேட்கிறார்கள். ஸ்க்ரோல்பாரின் (உருட்டுப்பட்டையின்) தோற்றத்தை வகுக்கும் வெப்கிட்-ஸ்க்ரோல்பார் விதிகளை எழுதிப் பார்த்தேன். கணினி க்ரோமில் ஸ்க்ரோல்பார் தெரிகிறது, ஐஃபோனில் தெரியவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் வழி உண்டா?

பதில் 1

ஸ்க்ரோல்பாரை நம்ப வேண்டாம். ஐஓஎஸ் 13 முதல் சஃபாரி அந்த விதிகளைப் பொருட்படுத்துவதில்லை. மேக்கிலும் 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து, டிராக்பேடு பயன்படுத்துவோருக்கு ஸ்க்ரோல்பார் உருட்டும்போது மட்டுமே தலைகாட்டுகிறது.

வலை உருவாக்குநர் ரோமன் கொமரோவின் யோசனையைத் தொடர்ந்து, அதே துறையைச் சேர்ந்த லியா வெரூ 2012இல் எழுதிய நிழல் உத்தி உங்களுக்குப் பொருந்தும். டிவ்வின் பின்னணியில் நான்கு கிரேடியன்ட் (நிறம் படிப்படியாக மாறும்) அடுக்குகளை இடுங்கள். கீழே இருக்கும் இரண்டும் இடது, வலது ஓரங்களில் மெல்லிய நிழல்கள். இவற்றுக்குப் பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட் என்ற விதியின் மதிப்பு ஸ்க்ரோல் என்பதால் பெட்டியின் ஓரத்திலேயே நிற்கும். மேலே இருக்கும் இரண்டும் பின்னணி நிறத்திலேயே அமைந்த மறைப்புகள். இவற்றுக்கு அதே விதியின் மதிப்பு லோக்கல் என்பதால் உள்ளடக்கத்தோடு சேர்ந்து நகரும். தொடக்கத்தில் இடது மறைப்பு இடது நிழலை மூடியிருக்கும். உருட்டத் தொடங்கியதும் அது விலக, நிழல் வெளிப்படும். வலது கோடிக்கு வந்ததும் அங்குள்ள நிழல் மறைந்துவிடும். உருட்டத் தேவையே இல்லாத அகலத் திரையில் இரண்டு நிழல்களும் தாமாகவே மூடிக்கிடக்கும் என்பதுதான் இதன் அழகு. நிழலுக்கு 14 பிக்சல், மறைப்புக்கு 40 பிக்சல் அகலம் போதும்.

கேட்டவர்

நன்றி. செய்து பார்த்தேன். ஒற்றைப்படை வரிசைகளில் நிழல் தெரிகிறது; சாம்பல் நிறம் பூசிய இரட்டைப்படை வரிசைகளில் தெரியவில்லை. ஓரம் பல் விழுந்ததுபோல் இருக்கிறது.

பதில் 2

பின்னணி எப்போதும் உள்ளடக்கத்துக்கு அடியில்தான் வரையப்படும். அதனால் நிறம் பூசிய கட்டங்கள் நிழலை மறைக்கின்றன. சாம்பலுக்குப் பதிலாக, ஒளிபுகா அளவு 4 சதவீதம் மட்டுமே உள்ள கறுப்பைக் கொடுத்தால் நிழல் அதனூடாகத் தெரியும்.

தலைப்பு வரிசைக்கு அடர்நிறம் கட்டாயம் என்றால் பெட்டியின் பகுதிகளை மங்கவோ மறையவோ செய்யும் மாஸ்க்-இமேஜ் விதி கொண்டு ஓரத்தை மங்கச் செய்யலாம். அது கட்டங்களையும் சேர்த்தே மங்கலாக்கும். நிலையான மாஸ்க் கடைசி நெடுவரிசையையும் கடைசிவரை மங்கலாகவே வைத்திருக்கும் என்பதால், அனிமேஷனை எது நகர்த்துவது என்று சொல்லும் அனிமேஷன்-டைம்லைனில் ஸ்க்ரோலை இணைத்து மங்கலின் அளவை மாற்ற வேண்டும். க்ரோமில் இது 115ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2023 முதல், இயங்குகிறது. மற்ற உலாவிகளுக்காக, ஆதரவு இருந்தால் மட்டும் செயல்படும் சப்போர்ட்ஸ் விதிக்குள் வையுங்கள். அனிமேஷன் என்ற சுருக்க விதி டைம்லைனை அழித்துவிடும் என்பதால், டைம்லைன் வரியை அதற்குக் கீழே எழுதுங்கள். மங்கல், அனிமேஷனின் படிநிலைகளை வரையறுக்கும் கீஃப்ரேம்களுக்குள் மட்டுமே இருக்கட்டும். அப்போதுதான் உருட்ட ஏதுமில்லாத திரையில் அட்டவணை முழுத் தெளிவோடு நிற்கும்.

பதில் 3

விலை கேட்டு அழைப்பவர்களுக்காக விலையை இரண்டாம் நெடுவரிசைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை என்று நினைக்கிறேன். அதன்பின் கட்டங்களின் குறைந்தபட்ச அகலத்தைத் திரை அகலத்தில் 38 சதவீதமாக வைத்தால், மூன்றாம் நெடுவரிசை பாதி எழுத்தில் வெட்டுப்படும். அரைகுறையாய்த் தெரியும் சொல்லைக் கண்டால் எவரும் விரலால் இழுத்துப் பார்ப்பார்கள், எந்த நிழலும் அவ்வளவு உரக்கச் சொல்லாது.

விசைப்பலகை மட்டும் பயன்படுத்துவோரையும் கவனியுங்கள். க்ரோம் 130 முதல் இத்தகைய பெட்டிகள் டேப் விசைக்குத் தாமாகவே வசப்படுகின்றன என்றாலும், எல்லா உலாவிகளிலும் அப்படி இல்லை. டிவ்வுக்கு டேப் விசையால் அடையச் செய்யும் டேப்இன்டெக்ஸ் 0, அது பக்கத்தின் ஒரு பகுதி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ரோல் ரீஜன், கூடவே அதன் பெயரைச் சொல்லும் ஒரு ஏரியா-லேபிள் ஆகிய மூன்றையும் கொடுங்கள். ஃபோகஸ் (விசைப்பலகைத் தேர்வு) வரும்போது பெட்டியைச் சுற்றித் தெரியும் கோட்டை அவுட்லைன் நன் என்று எழுதி நீக்கிவிடாதீர்கள்.