கனசதுரமாக வளர்ந்த புளோரைட் மூலையில் சாய்வாகப் பிளப்பது ஏன்?

தேன்மலை எழுதியது:
பள்ளியின் கனிமப் பெட்டிக்காக வாங்கிய ஊதா நிறப் புளோரைட் கல் நேற்றுக் கை தவறித் தரையில் விழுந்துவிட்டது. நல்ல கனசதுரமாக இருந்த அதன் ஒரு மூலை மட்டும் பெயர்ந்து, அந்த இடத்தில் மழமழவென்று ஒரு முக்கோணப் பரப்பு தெரிகிறது. கல்லுப்பைத் தட்டினால் கனசதுரத் துண்டுகளாகவே உடைகிறது. அதே வடிவங்கொண்ட இந்தக் கல் மட்டும் ஏன் மூலையைச் சாய்வாக இழந்தது? பெட்டியிலுள்ள ஆறுபட்டைக் குவார்ட்ஸோ, வெளியே அத்தனை ஒழுங்காக இருந்தும், உடைந்த இடத்தில் சோடா பாட்டில் சில்லைப் போல வளைந்திருக்கிறது. படிகத்தின் முகமும் அது பிளக்கும் தளமும் ஒன்றே என்று இதுவரை மாணவர்களிடம் சொல்லி வந்தேன். அது பிழையா?

நிலவியல்பித்தன் எழுதியது:
பிழைதான், ஐயா. உப்பில் அவ்விரண்டும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பலருக்கும் நேரும் பிழை அது.

முகம் என்பது வளர்ச்சி விட்டுச்சென்ற எச்சம். கரைசலிலிருந்து அயனிகள் வந்து படியும்போது படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே வேகத்தில் பருப்பதில்லை. விரைந்து வளரும் முகம் தன் பரப்பைத் தானே குறுக்கிக்கொண்டு கடைசியில் முனையாகி மறைந்துபோக, மந்தமாக வளர்வதே பெரிய முகமாக நிலைக்கிறது. வெப்பநிலையும் கரைசலில் கலந்திருக்கும் பிற பொருள்களும் இந்த வேகங்களை மாற்றிவிடும். உப்புக் கரைசலில் யூரியாவைச் சேர்த்தால் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முக உப்பு வளரும். அதைத் தட்டினாலும் கனசதுரத் தளங்களில்தான் பிளக்கும்.

பிளவுத் தளமோ உள்ளமைப்பைச் சேர்ந்தது. புளோரைட்டில் எண்முகத் தளத்துக்கு இணையாகப் பார்த்தால் புளோரின், கால்சியம், புளோரின் என்று மூன்று அடுக்குகள் ஒரு கட்டாக நிற்கும். அடுத்த கட்டும் புளோரினில் தொடங்குவதால், எதிர்மின் அயனிகளின் இரண்டு அடுக்குகள் ஒன்றையொன்று பார்த்தபடி அமைகின்றன. பிடிப்புத் தளர்ந்த இடம் அதுவே. இத்தகைய திசைகள் நான்கு. கனசதுரத்தின் எட்டு மூலைகளையும் சாய்வாகக் கடப்பவை அவை. குவார்ட்ஸில் சிலிக்கானும் ஆக்சிஜனும் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடப்பதால் அப்படி நலிந்த தளம் எதுவும் இல்லை. விரிசல் தன்போக்கில் வளைந்து ஓடுகிறது.

கல்பொறுக்கி எழுதியது:
அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக் கேவ்-இன்-ராக் வட்டாரம் கனசதுரப் புளோரைட்டுக்குப் பேர்போனது. ஆனால் அங்கிருந்து விற்பனைக்கு வந்த அழகான எண்முகங்களில் பெரும்பாலானவை கையால் பிளந்து எடுக்கப்பட்டவை. வாங்குபவர் அதை வளர்ந்த படிகம் என்று நம்பிவிடுவார். கையில் லென்ஸ் இருந்தால் ஏமாற வேண்டியதில்லை. பிளவுத் தளத்தில் ஓரங்கள் படிக்கட்டுப் போல இறங்கும். உள்ளே அதற்கு இணையான மெல்லிய விரிசல்கள் வானவில் நிறங்காட்டும். வளர்ந்த முகத்தில் வளர்ச்சியின் கோடுகளும் தட்டுகளும் இருக்கும். குவார்ட்ஸின் பட்டைகளில் குறுக்காக ஓடும் கோடுகளை நகத்தால் தடவியே உணரலாம். ஓர் எச்சரிக்கை: மாணிக்கத்தையும் நீலத்தையும் வகைகளாகக் கொண்ட குருந்தக்கல் சில சமயம் தட்டையாகப் பிரிவதைக் கண்டு அதைப் பிளவு என்று எழுதிவிடாதீர்கள். இரட்டைப் படிக அமைப்பு போன்ற காரணத்தால் குறிப்பிட்ட கற்களில் மட்டும் நேரும் பிரிவு அது. எல்லாக் குருந்தமும் அப்படிப் பிரியாது.

தேன்மலை எழுதியது:
லென்ஸில் பார்த்தேன். கனசதுர முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சதுரத் தட்டுகள் மங்கலாகத் தெரிகின்றன. முக்கோணத்தின் ஓரத்திலோ மூன்று படிகள். முக்கோணத்தின் பக்கங்களை அளந்தேன். மூன்றும் 9 மில்லிமீட்டர்தான்.

நிலவியல்பித்தன் எழுதியது:
சமபக்கமாகத்தான் வரும், எண்முகத் தளம் மூலையில் கூடும் மூன்று விளிம்புகளையும் மூலையிலிருந்து சம தொலைவில் வெட்டுகிறது. கல்லில் அந்தப் பரப்புக்கும் பக்கத்து முகத்துக்கும் இடையேயுள்ள கோணத்தையும் மாணவர்கள் அளக்கட்டும். ஏறக்குறைய 125 பாகை வரவேண்டும். பெயர்ந்த சில்லை எறிந்துவிடவில்லையே? மூன்று வளர்ந்த முகங்களும் ஒரு பிளவுத் தளமும் அந்தச் சிறு துண்டிலேயே சேர்ந்திருக்கின்றன.

தேன்மலை எழுதியது:
மேசைக்கடியில் கிடந்தது. எடுத்துத் தனிச்சிமிழில் போட்டுவிட்டேன்.