பத்துக் கோட்டு வரைபடங்களை ஒரே படத்தில் அடுக்குவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பத்து வெப்பநிலை உணரிகள் ஓராண்டுக் காலம் மணிக்கு ஒருமுறை பதிந்த அளவுகள் என்னிடம் உள்ளன. ஒவ்வோர் உணரிக்கும் ஒரு கோட்டு வரைபடம் வரைந்து, பத்தையும் ஒரே படமாக அறிக்கையின் ஏ4 பக்கம் ஒன்றில் சேர்க்க வேண்டும். பைத்தானில் மேட்பிளாட்லிப் என்னும் வரைபட நூலகத்தைப் பயன்படுத்துகிறேன் (அதன் பைபிளாட் பகுதியின் சுருக்கப்பெயரே கீழே வரும் பிஎல்டி). பிஎல்டி.சப்பிளாட்ஸ் மூலம் 4 வரிசை, 3 நிரல் எனப் பன்னிரண்டு கட்டங்களை உருவாக்கி, ஃபார் மடக்கினுள் பிஎல்டி.பிளாட் எழுதினால் பத்துக் கோடுகளும் கடைசிக் கட்டத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. மற்றவை வெறுமையாக நிற்கின்றன. பழைய முறையில் பிஎல்டி.சப்பிளாட்டுக்கு 431, 432 என்று மூன்று இலக்க எண் கொடுத்தபோது ஒன்பது கட்டம் வரை சரியாக வந்தது, பத்தாவதில் பிழை காட்டி நின்றுவிட்டது. ஒரு கட்டத்தின் தலைப்பு மேலே உள்ள கட்டத்தின் அச்சு எண்களோடு மோதுவது வேறு. எங்கே தவறு செய்கிறேன் என்று விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நீங்கள் பார்த்த இரண்டு பிழைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதலாவதில், எந்தக் கட்டத்தில் வரைய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவில்லை, நூலகமே ஊகித்துக்கொள்கிறது. பிஎல்டி என்று தொடங்கும் கட்டளைகள் ‘நடப்பு அச்சு’ (அந்நேரத்தில் செயலில் உள்ள கட்டம்) எதுவோ அதில் வரையும்; சப்பிளாட்ஸ் பன்னிரண்டு கட்டங்களையும் உருவாக்கி முடித்த கணத்தில் நடப்பு அச்சாக இருப்பது கடைசியாகப் பிறந்த பன்னிரண்டாவது கட்டம். மூன்று இலக்கச் சுருக்கெழுத்திலோ, கட்டத்தின் வரிசை எண்ணுக்கு ஒரே ஓர் இலக்கம்தான் இடம் உண்டு என்பதால் அது ஒன்பதோடு முடிந்துவிடுகிறது.

சப்பிளாட்ஸ் இரண்டு பொருள்களைத் திருப்பித் தருகிறது. ஒன்று முழுப்படம், மற்றது கட்டங்கள் அடங்கிய இருபரிமாண அணி. அந்த அணியின் ‘ஃபிளாட்’ பண்பைக் கொண்டு அதை ஒற்றை வரிசையாக்கி, உணரிகளின் பட்டியலோடு ‘ஸிப்’ மூலம் இணைத்து மடக்கை ஓட்டுங்கள். மடக்கில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏஎக்ஸ் என்று பெயரிட்டு, உள்ளே பிஎல்டி.பிளாட் என்பதற்குப் பதிலாக ஏஎக்ஸ்.பிளாட், தலைப்புக்கு ஏஎக்ஸ்.செட்_டைட்டில் என்று அந்தந்தக் கட்டத்தையே அழைத்தால் ஊகத்துக்கு இடமே இராது. நாளை ஒரே ஓர் உணரிக்கு இதே நிரலை ஓட்ட நேர்ந்தால் அணிக்குப் பதில் தனிக் கட்டம் ஒன்று திரும்பி வந்து மடக்கு உடையும். ‘ஸ்க்வீஸ்’ அளவுருவை ஃபால்ஸ் என்று வைத்தால் எப்போதும் இருபரிமாண அணியே கிடைக்கும்.

தலைப்புகள் மோதுவதைத் தவிர்க்க, சப்பிளாட்ஸை அழைக்கும்போதே ‘லேஅவுட்’ அளவுருவுக்குக் ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்ற மதிப்பைக் கொடுங்கள். எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான அச்சுப் பெயரை, 3.4 பதிப்பு முதல் உள்ள சப்எக்ஸ்லேபிள், சப்ஒய்லேபிள் ஆகியவற்றால் ஒரே ஒருமுறை எழுதினால் போதும்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு, 4 × 3 என்ற அமைப்பையே மாற்றும்படி பரிந்துரைக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் என்றால் கீழ்வரிசையில் இரண்டு வீணாகும். எக்ஸ் அச்சைப் பகிரும்படி ‘ஷேர்எக்ஸ்’ கொடுத்திருந்தால் அச்சு எண்கள் அடிவரிசையில் மட்டுமே அச்சாகும். வெற்றுக் கட்டங்களை நீக்கியதும் அவற்றுக்கு மேலே உள்ள இரண்டு வரைபடங்கள் மாதக் குறிகள் இன்றி நிற்கும். டிக்_பராம்ஸில் ‘லேபிள்பாட்டம்’ மதிப்பை ட்ரூ ஆக்கி அவற்றை மீட்கலாம். ஆயினும் காலத்தொடர் வரைபடத்துக்கு அகலமும் குட்டையுமான கட்டமே பொருந்தும் என்பது என் கருத்து. 5 வரிசை, 2 நிரல் என்றால் அதுவும் கிடைக்கும், கட்டம் எதுவும் மிஞ்சாது.

ஒய் அச்சைப் பகிர்வதா வேண்டாமா என்பதை மட்டும் அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் படத்தின் பொருளே அதில்தான் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு கட்டமும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டால், இரண்டு பாகை ஏற்றமும் இருபது பாகை ஏற்றமும் ஒரே உயரத்தில் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லிவிட்டு ஒப்பிட முடியாதபடி செய்துவிடுவோம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கோடுகள் இப்போது அவரவர் கட்டத்தில் அமர்ந்துவிட்டன, 5 × 2 அமைப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒய் அச்சைப் பகிர்ந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. பத்தாவது உணரி உலை ஒன்றினுள் இருப்பதால் 400 பாகை வரை செல்கிறது. 20 முதல் 40 வரை ஏறி இறங்கும் மற்ற ஒன்பதும் அடியில் தட்டையான கோடுகளாகிவிட்டன. மேலும், 16 × 12 அங்குலத்தில் சேமித்த படத்தை அறிக்கையில் ஒட்டினால் எழுத்துகள் படிக்கவே முடியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன.

மறுமொழி 2

உலையை மட்டும் பிரித்துவிடுங்கள். சப்பிளாட்ஸில் ‘ஷேர்ஒய்’ கொடுக்காமல் கட்டங்களை உருவாக்கி, கோடுகள் வரைவதற்கு முன்பே, இரண்டாவது முதல் ஒன்பதாவது வரையுள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ஏஎக்ஸ்.ஷேர்ஒய் என்பதை முதல் கட்டத்தைச் சுட்டி அழையுங்கள். அந்த ஒன்பதும் ஒரே அளவுகோலில் இயங்கும், பத்தாவது தன் அளவில் நிற்கும். வெளி ஓரத்தில் இல்லாத அச்சு எண்களை மறைக்கும் ‘லேபிள்_அவுட்டர்’ கட்டளையை முதல் ஒன்பதுக்கு மட்டும் கொடுத்தால், வலப்பக்கம் அடியில் உள்ள உலைக் கட்டத்தின் ஒய் எண்கள் மறையாமல் இருக்கும். அதன் அச்சுகளை வேறு நிறத்தில் தீட்டி, அளவு மாறுவதைப் படவிளக்கத்திலும் எழுதிவிடுங்கள். வாசகர் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று விடுவது நியாயமாகாது.

மறுமொழி 3

எழுத்தளவுச் சிக்கலுக்கு நேரான கணக்கு உண்டு. மேட்பிளாட்லிப்பில் இயல்பான எழுத்தளவு 10 புள்ளி. உங்கள் பக்கத்தில் உரைப்பகுதியின் அகலம் 6.4 அங்குலம் என்று கொள்வோம். 16 அங்குலப் படத்தை அதற்குள் சுருக்கினால் 10 புள்ளி 4 புள்ளியாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்குவதைவிட, படத்தின் அளவைக் குறிக்கும் ‘ஃபிக்சைஸ்’ மதிப்பையே 6.4 × 8 என்று அச்சில் வரப்போகும் அளவில் வைத்து, எழுத்தை 8 புள்ளியாக்கி, அறிக்கையில் 100 விழுக்காட்டில் சேர்ப்பதே நல்லது. சேமிக்கும்போது ‘பிபாக்ஸ்_இன்சஸ்’ அளவுருவுக்கு ‘டைட்’ கொடுக்காதீர்கள். அது ஓரங்களை வெட்டிப் படத்தின் அகலத்தை மாற்றிவிடுவதால், இந்தக் கணக்கு மறுபடியும் பொய்யாகிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். ஓராண்டுக்கு 8,760 மணிநேரம். ஏறத்தாழ 3 அங்குல அகலக் கட்டத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 900 படப்புள்ளிகளே உள்ளன, அதாவது ஒரு படப்புள்ளியின் அகலத்துக்குள் ஒன்பது பத்து அளவுகள் நெருங்கி, கோடு என்பது மைப்பட்டையாகவே தெரியும். தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் ‘ரீசாம்பிள்’ கொண்டு நாள் சராசரியைக் கணக்கிட்டு 365 புள்ளிகளைக் கோடாக வரையுங்கள். அன்றன்றைய தாழ்ந்த அளவுக்கும் உயர்ந்த அளவுக்கும் இடைப்பட்ட பகுதியை ‘ஃபில்_பிட்வீன்’ மூலம் வெளிர்நிறப் பட்டையாக நிரப்பினால், பகலிரவு ஏற்றத்தாழ்வும் படத்திலிருந்து தொலைந்துபோகாது.