வங்காளி சொன்ன ‘கை’யும் நம்ம கையும் ஒன்றா?

காட்பாடி_பாசஞ்சர்:
வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகள் நிறையப் பேர் வருவார்கள். போன வாரம் ஒரு பெரியவர் மாத்திரை அட்டை பிடித்த கையைத் தூக்கித் தூக்கிக் காட்டி “ஏட்டா ரோஜ் கை, ரோஜ் கை” என்றார். அட்டையில் பெயர் இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. ரோஜ் என்றால் தினமும், அது தெரியும். கை என்றால் கை. தினமும் கை வலிக்கிறது போல என்று வலிக்குத் தடவும் டியூப் ஒன்றை எடுத்து வைத்து, என் மணிக்கட்டில் தேய்த்தும் காட்டினேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பின்னாடியே வந்த அவர் மகள் சிரித்துவிட்டு அரைகுறை இந்தியில் விளக்கினாள்: கை என்றால் ‘சாப்பிடுகிறேன்’. அது அவர் தினமும் போடும் சர்க்கரை மாத்திரை.

இதை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், உடனே மாமா ஆரம்பித்துவிட்டார். நியூசிலாந்து மாவோரி மொழியிலும் கை என்றால் சாப்பாடுதானாம், கையால் சாப்பிடுகிறோம் இல்லையா, அதனால் எல்லாம் தமிழிலிருந்து போனதாம். இதில் ஏதாவது உண்மை இருக்கா?

பாபுராவ்_தெரு_லாட்ஜ்:
தம்பி, அது நம்ம ‘க’ இல்லை. மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் இன்னொரு க, நம் எழுத்தில் அதற்கு இடம் இல்லாததால் நமக்கு ஒரே மாதிரி கேட்கிறது. இந்தியில் கானா என்கிறார்களே, அதே வேர், சமஸ்கிருத வழி வந்தது. வங்காளத்தில் சோறும் கை, தண்ணீரும் கை, மருந்தும் கை, சிகரெட்டும் கை. எங்கள் லாட்ஜில் ஒருத்தர் “சிகரெட் கை” என்று சொன்னபோது கையில் சுட்டுக்கொண்டார் என்று பர்னால் தேடி ஓடியவன் நான், அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குடியாத்தம்_லுங்கி:
மாவோரியில் கை என்றால் உணவு என்பது சரி. ஆனால் மாமாவிடம் ஹவாய் மொழியைப் பற்றிக் கேளுங்கள். மாவோரிக்கு அது சொந்தக்கார மொழி, ஆனால் அங்கே கை என்றால் கடல். என்ன நடந்தது என்றால், மாவோரியில் ‘த’ வரும் இடத்தில் ஹவாயில் ‘க’ வரும். மனிதன் அங்கே தங்கத்தா, இங்கே கனக்கா. விலக்கப்பட்டது அங்கே தப்பு, இங்கே கப்பு (நம்ம தப்பு இல்லை, அதையும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்). அப்படித்தான் கடலுக்கான தை என்ற சொல் ஹவாயில் கை ஆனது. அப்போ பழைய ‘க’ எங்கே போச்சு? தொண்டையில் ஒரு சின்ன அடைப்பாக மாறிவிட்டது, சாப்பாட்டுக்கான கை அங்கே வெறும் ‘ஐ’ மாதிரி கேட்கும். பாருங்க, கூடப் பிறந்த மொழிகளிலேயே ஒரே மாதிரி கேட்கும் இரண்டு சொல் வேறு வேறு, வேறு மாதிரி கேட்கும் இரண்டு சொல் ஒன்று. காதுக்கு ஒத்து வருகிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது.

நம் வீட்டுக் கதையும் இதேதான். என் பாட்டி தெலுங்கு பேசுவார், 1911ல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை அந்தப் பக்கமும் வட ஆற்காடுதானே. அவருக்குக் கை ‘செய்யி’. கேட்டால் கைக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் நம்ம கைக்கு நிஜமான சொந்தம். கன்னடத்தில் ‘கிவி’ என்று இருப்பது தமிழில் செவி ஆனதும் அதே ‘க’, ‘ச’ விளையாட்டுதான். இப்படி ஒரே மாற்றம் சொல் சொல்லாக வரிசையில் வர வேண்டும். ஓரசைச் சொல் ஒன்று இரண்டு மொழியில் மோதிக்கொள்வதில் அதிசயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் ம்பபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. இங்கிலீஷோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பக்கத்து யிடினி மொழியில் அதே சொல் ‘குடகா’.

ஆம்பூர்_பாய்:
எங்க வீட்டு உருதுவை விட்டுட்டீங்களே. ‘ஏன்’ என்பதற்கு நாங்க ‘கைக்கு’ என்போம், வடக்கத்திக்காரன் சிரிப்பான், அது வேற விஷயம். சின்ன வயசில் பக்கத்து வீட்டுப் பையன் எங்க வாசலில் விழுந்து அழுதான். அம்மா ஓடிப்போய் “கைக்கு ரோரா, கைக்கு ரோரா” என்று கேட்டார், ஏன் அழறே என்று. அவனோ அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அடிபட்டது முட்டியில்.

அப்புறம் கடைக்காரத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. உருதுவில் வாந்திக்கும் ஏறக்குறைய அதே சத்தம்தான், எங்க பெரியவங்க இன்னும் சொல்வாங்க. கவுன்ட்டரில் யாராவது “கை” என்றால் முதலில் ஆளைப் பாருங்க.

வேத_பாடசாலை_பெஞ்ச்:
புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘கை’ என்றால் ‘உம்’, ‘மற்றும்’. பக்கத்துக்குப் பக்கம் கை கையாக இருக்கும். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

காட்பாடி_பாசஞ்சர்:
எல்லோருக்கும் நன்றி. பாய், இன்று காலையே ஒரு அம்மா “கை” என்றார், நான் கைவலி, சாப்பிடுவது, வாந்தி மூன்றையும் சைகையில் நடித்துக் காட்டினேன், வாந்திதான். ஹவாய் மேட்டரை அப்படியே குரூப்பில் ஒட்டிவிட்டேன். மாமா இன்னும் ஒன்றும் எழுதவில்லை, கும்பிடும் கை பொம்மை ஒன்று மட்டும் போட்டிருக்கிறார்.