புதுப்பிப்பு: ஆற்காடு முற்றுகைக் கதையில் திருப்புமுனையை மாற்றிவிட்டேன்

1751-இல் ஆற்காட்டுக் கோட்டையில் 50 நாள் முற்றுகையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் ராபர்ட் கிளைவ் தாங்காமல் தோற்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனை வரலாற்றுக் கதையின் முதல் வரைவைச் சென்ற மாதம் இங்கே பகிர்ந்திருந்தேன். அதில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகனும் கோட்டையை முற்றுகையிட்டவருமான ராசா சாகிப் ஏவிய யானைகள், நெற்றியில் கட்டிய இரும்புத் தகடுகளால் கோட்டைக் கதவை உடைத்துவிடுவதாக எழுதியிருந்தேன். உண்மை வரலாற்றில் துப்பாக்கிக் குண்டு பட்டதும் மிரண்டு திரும்பித் தம் படையையே மிதித்த யானைகளுக்குக் கதையில் மட்டும் துணிவு எப்படி வந்தது என்று வாசகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் விடை இல்லை.

எனவே யானைகள் பகுதியை வரலாற்றில் நடந்தபடியே விட்டுவிட்டேன். கிளைவுக்கு உதவ வந்துகொண்டிருந்த முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை நெருங்கிய செய்திதான் ராசா சாகிபை அவசரமாகத் தாக்கத் தூண்டியது என்பதால், என் கதையில் முராரி ராவ் வராமலே இருந்துவிடுகிறார். அவசரம் போய்விட்டால், சுமார் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களுமாக உள்ளே புகுந்து நாளுக்கு நாள் குறைந்துவந்த கிளைவின் படையைப் பசியே வென்றுவிடும்.

கடந்த ஞாயிறன்று வேலூரிலிருந்து பேருந்தில் போய், பாலாற்றங்கரையில் அந்தக் கோட்டையில் எஞ்சி நிற்கும் டெல்லி வாசலின் நிழலில் அமர்ந்து, கஞ்சி வடித்த நீரைக் குடித்துக் காவல் நிற்கும் ஒரு சிப்பாயின் இரவை எழுதினேன். இரண்டாம் அத்தியாயம் அவனிடமிருந்தே தொடங்குகிறது.