மார்கழி, தை மாதங்களுக்கான குறோசேப் பின்னல்: கொழும்பில் எது சரிவரும், எங்கே பிழைக்கும்

வெள்ளவத்தையிலிருந்து

டிசம்பர் முழுநிலாப் போயாவோடு சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் தொடங்கிவிடும். பின்னாலேயே நத்தார், அதற்குப் பின்னால் தைப்பொங்கல். மலைக்குத் தொப்பி, நத்தாருக்கு நட்சத்திரம், வாசலுக்குத் தோரணம். மூன்றையும் குறோசேயில் (கொக்கிப் பின்னலில்) செய்யலாம், ஆனால் ஒரே நூலில் செய்ய ஏலாது. யூடியூபில் வரும் மாதிரிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் போடுபவை. அந்த நூலையே இங்கே எடுத்தால் எங்கே பிழைக்கும், எப்படித் திருத்தலாம் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள் எழுதுங்கோ.

புறக்கோட்டையில் நூல் வாங்குவோருக்கு

குறுக்குத் தெருக்களில் லேபிள் இல்லாமல் நிறுத்துத் தரும் நூலைத் தொட்டு மட்டும் நம்ப வேண்டாம். ஒரு சாண் நூலைக் குறட்டால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்புக் காட்டுங்கோ. அக்ரிலிக் உருகிக் கறுத்த மணியாக இறுகும். பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி மயிர் கருகுகிற மணம் தந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும். இரண்டு வகை கலந்து முறுக்கிய நூலில் இரண்டு குணமும் தெரியும்.

சிவப்பு, கடும் பச்சை என்றால் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கோ. சாயம் ஒட்டினால் வெள்ளையோடு சேர்த்துப் பின்னக் கூடாது. தேவையான அளவை ஒரே நாளில் எடுப்பதும் முக்கியம். ஒரே நிறம் என்றாலும் அடுத்த முறை காய்ச்சிய சாயம் பகல் வெளிச்சத்தில் வேறாகத்தான் தெரியும்.

மலைத் தொப்பி பற்றி, பம்பலப்பிட்டியிலிருந்து

கொழும்பில் போட என்றால் பருத்திதான். மலைக்குப் பருத்தி கூடாது. ஏறும்போது வேர்வையைக் குடித்த பருத்தி, 2,243 மீற்றர் உச்சியில் விடியற்காற்று பட்டதும் தலையிலேயே குளிர்ந்துவிடும். கம்பளி ஈரத்திலும் சூட்டை ஓரளவு பிடித்து வைக்கும். கிடைக்காவிட்டால் அக்ரிலிக், அது கெதியாய்க் காயும்.

8 பிளை (பிளை என்பது நூலின் பருமன் அளவு) நூல் 100 கிராம், 4.5 மி.மீ. கொக்கி போதும். தலைச்சுற்று 56 செ.மீ. என்றால் தொப்பி 51 செ.மீ. இருக்க வேண்டும், இழுபட்டுப் பிடிக்கத்தான் அந்தக் குறைவு. 51ஐ 3.14ஆல் வகுத்தால் 16 செ.மீ. சொச்சம். அதுதான் உச்சித் தட்டின் விட்டம். ஹாஃப் ட்ரெபிளில் (குட்டையான டபிளுக்கும் உயரமான ட்ரெபிளுக்கும் இடைப்பட்ட தையல்) 10 தையலோடு தொடங்கி, சுற்றுக்கு 10 தையல் கூட்டிக்கொண்டே போங்கோ. தட்டு 16 செ.மீ. வந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேரே இறக்குங்கோ. உச்சியின் நடுவிலிருந்து விளிம்புவரை 23 செ.மீ. வந்தால் காது மூடும்.

தட்டின் ஓரம் அலையலையாக வந்தால் கூட்டல் அதிகம், கிண்ணம்போல் குழிந்தால் குறைவு. இரண்டு சுற்றுக்குள் பிடித்துத் திருத்த வேண்டும். பிறகு திருத்தலாம் என்று விட்டால் முழுவதையும் அவிழ்க்க வேண்டி வரும்.

இன்னொரு பொறி தையல்களின் பெயரில் இருக்கிறது. நம் பக்கத்தில் பழைய ஆட்கள் பழகியது பிரித்தானிய முறை. அதில் டபிள் என்பது அமெரிக்க முறையில் சிங்கிள், நமது ட்ரெபிள் அவர்களுக்கு டபிள். மாதிரியில் சிங்கிள் என்ற சொல் வந்தாலே அது அமெரிக்க முறை. கவனிக்காமல் போட்டால் உயரம் பாதிக்கு வந்து நிற்கும். பின்னல் ஊசியிலும் இதே கதை: பழைய பிரித்தானிய 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., அமெரிக்க 10ஆம் நம்பர் 6 மி.மீ. நம்பரை விட்டு மில்லிமீற்றரைப் பாருங்கோ.

நட்சத்திரத்துக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து

20ஆம் நம்பர் மெல்லிய பருத்தி நூல், 1.25 மி.மீ. உருக்குக் கொக்கி. பின்னுவது லேசு, விறைக்க வைப்பதுதான் கஷ்டம். அரிசிக் கஞ்சி போட்டா நல்லா விறைக்கும். ஆனா டிசம்பர் மழை ஈரத்துல ஒரே கிழமையில முனைகள் தொங்கிடும், எறும்பும் வரும். பைண்டர் கம்மும் (வெள்ளைப் பசை) தண்ணியும் சரிக்குச் சரி கலந்து முக்கி, பிழிஞ்சு, பொலித்தீன் விரிச்ச மட்டையில துருப்பிடிக்காத குண்டூசியால ஒவ்வொரு முனையையும் குத்தி வைங்க. சாதா குண்டூசி ஒரு ராத்திரியிலேயே மஞ்சள் புள்ளி போட்டுடும். அந்தக் கறை லேசில போகாது. மின்விசிறிக்குக் கீழ ஒரு முழு நாள் விடணும்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்க உருக்குக் கொக்கியை வேலை முடிஞ்சதும் துடைச்சு, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலத்தோட மூடி போட்ட டப்பாவில வைங்க. உப்புக் காற்று அதைச் சும்மா விடாது.

தோரணம், திரும்பவும் வெள்ளவத்தை

மாவிலைத் தோரணத்துக்கு 8 பிளைப் பருத்தி, 3.5 மி.மீ. கொக்கி. 16 சங்கிலி போட்டு, கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்குங்கோ: 1 ஸ்லிப், 1 டபிள், 2 ஹாஃப் ட்ரெபிள், 7 ட்ரெபிள், 2 ஹாஃப் ட்ரெபிள், 1 டபிள், 1 ஸ்லிப். மொத்தம் 15. நுனிக்கு 2 சங்கிலி போட்டுத் திரும்பி, அதே சங்கிலியின் மறுபக்கத்தில் அதே ஒழுங்கில் வாங்கோ. பெயர்கள் பிரித்தானிய முறை. இலை ஏறத்தாழ 8 செ.மீ. வரும்.

3 அடி வாசலுக்கு 11 இலை, கட்டும் இடத்துக்குக் கட்டும் இடம் 8 செ.மீ., ஆணியில் கட்ட இரண்டு பக்கமும் 15 செ.மீ. மிச்சம் விட்ட 120 செ.மீ. கயிறு. இலை சுருண்டால் குற்றம் அடிச் சங்கிலியில்தான். வேர்த்த கையில் நூல் வழுக்காமல் பிடித்து இழுபட, சங்கிலி இறுகிவிடும். அடிச் சங்கிலியை மட்டும் 4 மி.மீ. கொக்கியால் போட்டால் இலை படுத்துக் கிடக்கும். கடற்காற்றில் புரளாமல் இருக்க நுனியில் ஒரு மரமணி தைக்கலாம்.

இதே நூலில் குத்துவிளக்குக்குக் கீழ் விரிப்பும் செய்யலாம். அக்ரிலிக்கில் மட்டும் வேண்டாம், சூடு பட்டால் உருகித் தட்டோடு ஒட்டும்.

பிள்ளைப்பேற்று வீட்டுக்குக் கொடுப்போர்

பச்சைப் பிள்ளைக்கு 4 பிளைப் பருத்தி. தலைச்சுற்று 35 செ.மீ. அளவில் இருக்கும், தொப்பியை 32க்குப் பின்னுங்கோ. அக்ரிலிக் என்றால் இந்தப் புழுக்கத்தில் வேர்க்குருதான். காலுறைக்குள் நீள நூல் ஓடவிட வேண்டாம், பெருவிரலில் சுற்றிக்கொள்ளும். ஓட்டைப் பின்னலும் வேண்டாம். பொத்தான், நீள ரிபன் இரண்டையும் தவிருங்கோ. கொடுக்கும் முன் ஒருமுறை அலசி, நன்றாகக் காயவிட்டு மடியுங்கோ. அரை ஈரத்தில் பையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.