சீனி போடாத பழ ஐஸ்: சீனியே இல்லை என்று அர்த்தமா?

செந்தூல் அக்கா:
வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் ஐஸ்கிரீம் கேட்கிறார்கள், இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிற என் அப்பாவும் கூடவே கேட்கிறார். அதனால் போன வாரத்திலிருந்து நானே வீட்டில் செய்கிறேன். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பெராங்கான் வாழைப்பழம் 4, நல்ல சதைப்பிடிப்பான மாம்பழம் 1. துண்டு போட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, ராத்திரி முழுக்க உறையவைத்து, மறுநாள் வெளியே எடுத்து 5 நிமிடம் விட்டு பிளெண்டரில் அடிக்கவேண்டும். முதலில் மணல் மாதிரி உதிரும். பயப்படாமல் ஓரத்தை வழித்துவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் திடீரென்று திரண்டு வழுவழு என்று ஆகிவிடும். ஒரு கரண்டி சீனி கிடையாது, பால் கிடையாது. அப்பா ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டார். கடையில் ஐஸ்கிரீம் வாங்குகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

ஏர் ஈத்தாம் ஐஸ்காரன்:
தங்கச்சி, கோபப்படாதீர்கள். அடித்த உடனே சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கும். மிச்சத்தை மறுபடி ஐஸ் பெட்டியில் வைத்து அடுத்த நாள் எடுத்துப் பாருங்கள், செங்கல். பினாங்கில் பல வருடமாக ஐஸ் கச்சாங் என்கிற துருவின ஐஸ், பழ ஐஸ் விற்கிறவன் சொல்கிறேன், சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீர் முழுக்க உறைந்து கல்லாகாமல் பிடித்து வைப்பதே சீனிதான். பழ ஐஸ் கலவையில் நூற்றுக்கு 25, 30 பங்கு சீனி இருந்தால்தான் கரண்டி இறங்கும். அந்தக் காலத்தில் இதற்குக் கருவியெல்லாம் கிடையாது, கழுவிய முட்டையை ஓட்டோடு கலவையில் மிதக்கவிட்டு, 20 காசு அகலத்துக்கு ஓடு மேலே தெரிந்தால் சரி, முங்கினால் பாகு பத்தாது. இன்னொன்று, நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு பாதிதான் தெரியும். சீனி போடாமல் செய்து 'ஆகா' என்று சொல்கிறவர்கள் மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

செந்தூல் அக்கா:
அண்ணே, நான் கடை வைக்கவில்லையே! மிச்சம் வந்தால்தானே மறுநாள் கல்லாகும், எங்கள் வீட்டில் மிச்சமே வருவதில்லை.

ராத்திரி ஷிப்ட்:
நான் தாதி, கோலாலம்பூரில் வேலை. அண்ணன் சொன்னதும் சரி, அக்கா செய்ததும் நல்ல ஐஸ்தான், ஆனால் அந்த 'ஒரு கிண்ணம் நிறைய' என்ற இடத்தில் எனக்குத் திக் என்றது. கணக்குப் போடுவோம். வாழைப்பழச் சதை 100 கிராமில் சீனி மட்டும் 12 கிராம், மாவுச்சத்தையும் சேர்த்தால் 23 கிராம். மாம்பழத்தில் சீனி 14 கிராம் பக்கம். நான்கு பழம், ஒரு மாம்பழம் என்றால் மொத்தத்தில் சுமார் 75 கிராம் சீனி. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 19 கிராம், கிட்டத்தட்ட 5 தேக்கரண்டி. அப்பா நான்கில் ஒரு பங்கோடு நிறுத்தினாரா? அப்புறம் அந்தக் கறுப்புப் புள்ளி. பழம் பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சீனியாக மாறுகிறது. குளிரில் இனிப்புக் குறையும் என்பதால் நல்லாக் கனிந்த பழமாகத் தேடுகிறோம், கனிந்ததில்தான் சீனி அதிகம். ஐஸ் நன்றாக வர எது காரணமோ அதுவேதான் உங்கள் அப்பாவுக்கு ஆகாதது.

செந்தூல் அக்கா:
அப்படியானால் பழமே சாப்பிடக் கூடாதா? கிளினிக்கில் பழம் சாப்பிடுங்கள் என்றுதானே சொல்லி அனுப்புகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சீனியைக் குறைக்கச் சொன்னபோதுகூட முழுப் பழத்தில் இருக்கிற சீனியை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தேன், பாகு, பழச்சாறு இவற்றைத்தான் சேர்த்தார்கள். நான் வடிகட்டவில்லை, சாறும் பிழியவில்லை, நார்ச்சத்து உள்ளேதான் இருக்கிறது.

ராத்திரி ஷிப்ட்:
முழுப் பழம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரைத்தது முழுப் பழமா? பிரிட்டனில் 2018இல் வகுத்த வரையறையில் அரைத்துக் கூழாக்கின பழத்தின் சீனியையும் சாறோடு சேர்த்துவிட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு, மறைக்கவில்லை: விதையோடு அரைத்தால் ரத்தத்தில் சீனி கூடுதலாக ஏறவில்லை என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வாழைப்பழத்தில் அரைக்க விதை எங்கே இருக்கிறது? எனக்குப் பெரிய கவலை அளவுதான். இரண்டு வாழைப்பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் போதும் என்று தோன்றும். ஐஸாக அடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கிள்ளான் தம்பி:
இங்கே மலேசிய அரசாங்கக் கணக்கையும் பாருங்கள். 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்கள், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு, 2025இலிருந்து 90 காசு. அக்காவின் ஐஸ் பானமாக இருந்திருந்தால் வரி கட்டவேண்டியிருக்கும்.

செந்தூல் அக்கா:
தம்பி, அதே சட்டத்தில் பழச்சாற்றுக்கு மட்டும் 12 கிராம் வரை விட்டிருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள். பழத்துச் சீனியும் சாக்கில் வருகிற சீனியும் ஒன்றல்ல என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ராத்திரி ஷிப்ட்:
வரி வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியும் அக்கா. ஊசி குத்திப் பார்க்கிற கருவிக்குத் தெரியாது.

பாலிக் பூலாவ் பையன்:
எல்லாரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள், டுரியான் என்று ஒன்று இருக்கிறது. விதையை எடுத்துவிட்டு சுளையை டப்பாவில் போட்டு உறையவைத்தால் போதும். பிளெண்டர் வேண்டாம், முட்டை வேண்டாம், கல்லாகவும் ஆகாது. ஜூனில் எங்கள் பக்கம் வாருங்கள்.

ஏர் ஈத்தாம் ஐஸ்காரன்:
இவன் சொல்வது உண்மை. டுரியானில் கொழுப்பு இருக்கிறது, தண்ணீர் குறைவு, சீனியும் உண்டு. கடவுளே செய்து வைத்த ஐஸ்கிரீம். தர்பூசணியை அப்படி வைத்துப் பாருங்கள், நூற்றுக்கு 90க்கு மேல் தண்ணீர், பல் உடையும். அதை ஒரு மணிக்கு ஒரு தரம் முள்கரண்டியால் சுரண்டி, பூத்தூவல் மாதிரி ஆக்கித்தான் தின்னவேண்டும்.

ராத்திரி ஷிப்ட்:
டுரியான் 100 கிராமில் மாவுச்சத்தும் சீனியுமாக 27 கிராம், கொழுப்பு 5 கிராம். இனிப்பு நீர்க்காரருக்கு நல்ல யோசனை தம்பி.

பாலிக் பூலாவ் பையன்:
நான் பேசவே இல்லை.

கிள்ளான் தம்பி:
பேரீச்சம்பழம் போட்டு அடித்தால்? இல்லை தேன்? இயற்கைதானே. சீனித்துளசிப் (ஸ்டீவியா) பொடிகூட விற்கிறார்கள்.

ஏர் ஈத்தாம் ஐஸ்காரன்:
பேரீச்சம்பழம் 100 கிராமில் 60க்கு மேல் சீனி. அதைப் போட்டுவிட்டு 'சீனி சேர்க்காதது' என்று எழுதினால் அது வேஷம். தேன் சீனிதான், தென்னை வெல்லமான குலா மெலாக்காவும் சீனிதான், நிறமும் மணமும் வேறு, அதற்காகத்தான் நான் விரும்பி ஊற்றுகிறேன், உடம்புக்கு நல்லது என்று பொய் சொல்லி விற்கவில்லை. சீனித்துளசி நாக்கை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. சிட்டிகை போட்டாலே தித்திக்கும், ஆனால் அவ்வளவு கொஞ்சம் போட்டால் ஐஸ் இளகுமா? கல்தான். கடைசியில் ஒரு கசப்பு வேறு.
தங்கச்சிக்கு ஒன்று. கனிந்த பழத்தைத் தேடுவதற்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பும் லிமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை இரண்டும் பிழிந்துவிடுங்கள். இருக்கிற இனிப்பு மேலே வரும். இரண்டு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் விட்டால் கொழுப்பு சேர்ந்து ஐஸ் கொஞ்சம் இளகும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே.

செந்தூல் அக்கா:
சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று அப்பாவுக்கு வீட்டுக் கருவியில் ரத்தச் சீனி பார்த்தேன். ஐஸுக்கு முன் லிட்டருக்கு 6.9 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 12.4. கையெல்லாம் நடுங்கிவிட்டது. இன்றைக்குப் பப்பாளியில் செய்தேன், அதில் 100 கிராமுக்கு 8 கிராம் சீனிதான் என்று படித்தேன், வழுவழுப்புக்கு ஒரே ஒரு சின்ன வாழைப்பழம், உப்பு, லிமாவ் கஸ்தூரி. தேநீர்க் கப்பில் பாதிதான் கொடுத்தேன். 7.1இலிருந்து 8.8.

கிள்ளான் தம்பி:
பப்பாளியில் தயிர் சேர்த்து ராத்திரி வைத்துவிடாதீர்கள் அக்கா, நான் ஒருமுறை வைத்து மறுநாள் எடுத்தால் வேப்பிலைக் கசப்பு. அதில் இருக்கிற நொதி பால் புரதத்தை உடைத்துவிடுகிறதாம். அன்னாசியும் அப்படியே. அடித்த உடனே தின்றால் தெரியாது.

ராத்திரி ஷிப்ட்:
8.8 பரவாயில்லை அக்கா. ஆனால் ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள், மாத்திரை அளவை நீங்களே மாற்றவும் வேண்டாம், டாக்டரிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். 12.4 வந்த அன்று அப்பா வேறு என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தீர்களா?

செந்தூல் அக்கா:
இப்போதுதான் கேட்டேன். சாயங்காலம் முக்குக் கடையில் தே தாரிக் (டின் பால் ஊற்றி ஆற்றுகிற தேநீர்) குடித்தாராம். ஒன்றுதான் என்கிறார். கடைக்காரப் பையனைக் கேட்டால் இரண்டு என்கிறான்.

ஏர் ஈத்தாம் ஐஸ்காரன்:
டின் பாலில் பாதிக்கு மேல் சீனி! பாவம், அவ்வளவு பழியையும் வாழைப்பழத்தின் தலையில் போட்டோமே.

ராத்திரி ஷிப்ட்:
வாழைப்பழம் இன்னும் விடுதலையாகவில்லை அண்ணே. தே தாரிக் இல்லாத ஒரு நாளில் அதே ஐஸைப் பாதிக் கப் கொடுத்துப் பாருங்கள் அக்கா.

செந்தூல் அக்கா:
பார்க்கிறேன். பாதிக் கப்பை நீட்டினால் "ஏம்மா, இது ஐஸா, கோயில் பிரசாதமா?" என்கிறார்.